நின்றுகொண்டே திறக்கிற வால்வு

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் உன் கப்பலும் அதிகம் ஆட்டமில்லாத தண்ணீரில் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், அப்படித்தான் இருக்கிறீர்களா என்று நீதான் உன் கையெழுத்தில் சொல்ல வேண்டும். நடுக்கடலிலிருந்து நீ பேசுகிற தொலைபேசியில் பாதி வார்த்தை காற்றோடு போய்விடுகிறது, மீதிப் பாதியை நாங்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டு அப்புறம் சண்டை போடுகிறோம். நீங்கள் ஆழம் அளக்கிற இடத்தில் கடலுக்கு அடியில் ஒரு மலை இருக்கிறது என்று நீ சொன்னதாக நான் சொல்கிறேன், வலை கிடக்கிறது என்று சொன்னதாக அவர் சொல்கிறார். எது சரி என்று ஒரு வரி எழுது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் சீவுகிற புது இயந்திரம் வந்திருக்கிறது, முதலாளியம்மா அதன் பக்கமே போகப் பயப்படுகிறார், ஆக மொத்த வேலையும் என் தலையில். உன் அறைச் சன்னல் கதவு மழையில் ஊதி மூட மறுக்கிறது, நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன், காற்று வரட்டும். இதெல்லாம் சில்லறைச் செய்தி. இந்தத் தடவை பெரிய செய்தி நம் முட்டையைப் பற்றியது.

முட்டையை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் யாரோ பயன்படுத்திய ஒரு சின்ன கேரவனை வாங்கினாரே, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற வீடு, வெள்ளையாக மூலையெல்லாம் உருண்டு இருப்பதால் அவரே வைத்த பெயர் அது. உள்ளே ஒரு படுக்கை, மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற மேசை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற மாதிரி இரண்டு இருக்கை, ஒரு அடுப்பு, ஒரு கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான். அந்தக் குழாயில் வருகிற தண்ணீர் வண்டியின் அடிவயிற்றில் கட்டியிருக்கிற பால் நிறப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வருகிறது. போகிற இடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும், திரும்புவதற்கு முன் முழுக்கத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பாரத்தையும் கார் இழுக்க வேண்டும், அதோடு தேங்கின தண்ணீர் வீச்சம் அடிக்கத் தொடங்கிவிடும். திறந்துவிடுகிற வழியைச் செய்தவன் எவனோ ஒரு புண்ணியவான், தொட்டியின் அடியில் நட்டநடுவில், சுண்டுவிரல் பருமனில் ஒரு திருகு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மல்லாந்து படுத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, கையை அச்சுக்கு மேலே நுழைத்துத் துழாவினால்தான் அது அகப்படும். அகப்பட்டுத் திருகினாலும் நூல் மாதிரி ஒழுகும், அது வடிந்து முடிவதற்குள் ஒரு மத்தியானம் கழிந்துவிடும். பத்தாததற்கு அது தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருப்பதால் சாலையில் கிடக்கிற கல்லெல்லாம் அதன் மேலேதான் வந்து விழும். இத்தனை நாளும் அதை அப்பாதான் பார்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க லிப்ட் கிணறுகளுக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்த்த மனிதருக்கு வண்டிக்கு அடியில் நுழைவது ஒரு வேலையா.

இப்போது நான் சொல்லப்போவதை உனக்கு எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார், இப்போது எழுது என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் பதறாமல் படி. கோடையின் தொடக்கத்தில் நான் கடையிலிருந்து வந்தபோது அப்பா முட்டையின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, சட்டையெல்லாம் மண். கேட்டதற்கு வெயில் என்றார், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன், குடித்தார், நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தபால்காரர் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "சாருக்கு என்ன ஒரு நிம்மதிம்மா, அன்னைக்கு வண்டிக்கு அடியில படுத்து சுகமாத் தூங்கிட்டு இருந்தார், வெளிய தெரிஞ்ச காலைப் பாத்துட்டு தூங்குறீங்களா சார்னு கேட்டேன், ஆமான்னார்" என்று சொல்லிச் சிரித்தார். மண்ணில் படுத்துத் தூங்குகிற மனிதரா அவர், தலையணை உறையில் ஒரு சுருக்கம் இருந்தால் எழுந்து தட்டிப் போடுகிறவர். அன்று மாலை எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். திருகைத் தேடித் தலையைத் திருப்பியபோது தொட்டியும் தரையும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டதாம், கண்ணை மூடினாலும் சுற்றியதாம், வலது காதுக்குள் ஓயாத இரைச்சலாம், அச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் தரை எந்தப் பக்கம் வானம் என்று தெரியாமல் கிடந்திருக்கிறார். தபால்காரர் கேட்டபோது எழுப்பிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லையாம், தூங்குகிறேன் என்றிருக்கிறார். இவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

காது மருத்துவரிடம் போனோம், உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, பொறுமையாகப் படம் வரைந்து காட்டினாள். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதற்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதாம், நாம் கேட்பதும் நேராக நிற்பதும் அதை வைத்துத்தானாம். இவருக்கு அந்தத் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ந்துவிடுகிறது, அது அழுத்தும்போது உலகம் சுற்றும், கேட்பதும் குறையும் என்றாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அங்கயும் வடிகால் சரியில்லையா, அப்ப ஒரு வால்வு வெச்சு விட்டுருங்கம்மா" என்றார். அவள் சிரித்துவிட்டாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்பினாள், மாத்திரை சாப்பிடணும், உப்பைக் குறைக்கணும், தலைசுற்றல் சொல்லாமல் வரும் சொல்லாமல் போகும், பாதி வாழ்க்கை இதோடு நிம்மதியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், வலது காதில் போன கேட்கும் சக்தி முழுசாகத் திரும்பாது, இடது காது நன்றாக இருக்கிறது, ஏணி வேண்டாம், கார் ஓட்ட வேண்டாம், எதற்கு அடியிலும் நுழைய வேண்டாம். இவர் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் முட்டையை விற்றுவிடலாம் என்றார். தண்ணீர்த் தொட்டியைக்கூடத் திறக்க வக்கில்லாதவனுக்கு எதற்கு வண்டி என்றார். நான் கார் ஓட்டுகிறேனே என்றேன், அது அவர் காதில் ஏறவில்லை, ஏறவில்லை என்றால் நிஜமாகவே ஏறவில்லை, அவருடைய வலது பக்கம் நின்று சொல்லியிருக்கிறேன். அந்த வாரமே யாரிடமோ சொல்லி, ஒரு தேனீக்காரர் வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் பேசி, பார்க்க வரச்சொல்லி நாளும் குறித்தாகிவிட்டது. உங்கப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், உனக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஒரு வருடமாக வீட்டில் உங்கப்பா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. நான் ஏதாவது சொன்னால் ம் என்பார், பொருத்தமில்லாத இடத்திலும் ம் என்பார், எனக்குக் கோபமாக வரும், வயதானால் புருஷன்மார்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் முட்டைக்குள் போய்விட்டால் அவர் வேறு ஆள். ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு அந்தக் குட்டி மேசையில் உட்கார்ந்தோமானால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிப்டில் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணிலிருந்து ஆரம்பித்து என்னென்னவோ பேசுவார், நான் முணுமுணுத்தால்கூடப் பதில் வரும். அந்த ஏரிக்காற்று செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன். மருத்துவர் படம் வரைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நம் வீட்டுக் கூடம் பெரிது, உயரம், ஒரு வார்த்தை சொன்னால் அது நாலு சுவரிலும் முட்டிக் கலைந்துதான் அவரிடம் போய்ச் சேரும், ஒற்றைக் காதால் அதைப் பொறுக்கிச் சேர்க்க முடியாது. முட்டைக்குள் சுவரெல்லாம் மெத்தென்று துணி ஒட்டியது, கூரை கைக்கெட்டுகிற உயரம், எதிரே ஒரு கை தூரத்தில் நான். அங்கே என் குரல் நேராக அவரிடம் போகிறது. அவ்வளவுதான் விஷயம், காற்றுமில்லை ஏரியுமில்லை. அந்த வண்டியை அந்தத் தேனீக்காரர் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போனால் என் வீட்டுக்காரரோடு நான் பேசிக்கொண்டிருந்த ஒரே அறை தெருமுனை திரும்பிப் போய்விடும்.

அதனால் அந்தத் திருகை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் படுக்காமல், கழுத்தைத் திருப்பாமல், நின்றுகொண்டே தண்ணீரைத் திறந்துவிட முடிந்தால் விற்பதற்குச் சொல்கிற காரணம் போய்விடும் அல்லவா. மூக்குக்கண்ணாடித் திருகைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவள் நான், இதுவும் திருகுதானே, கொஞ்சம் பெரிய திருகு. அவரிடம் சுத்தம் செய்யப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன், விற்கிற வண்டியைச் சுத்தமாகக் கொடுப்பதுதான் மரியாதை என்று தலையாட்டினார். முதலில் பழைய தண்ணீர் வடிய வேண்டும். பழைய மெத்தை உறையை விரித்துப் படுத்து, கையை நுழைத்துத் துழாவித் திறந்தேன். பென்சில் முனை மாதிரி ஒரு ஒழுக்கு. அது முடியும்வரை எழுந்து போயிருக்கலாம், போகத் தோன்றவில்லை. அந்த இடம் அப்படி இருந்தது பொடிசு. சாயங்கால வெயில் ஒரு பக்கமாக உள்ளே வந்து பால் நிறத் தொட்டியில் ஏறி, தொட்டி முழுக்க உள்ளிருந்தே விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. உள்ளே தண்ணீரின் மட்டம் ஒரு கோடாகத் தெரிந்தது, தெருவில் ஏதாவது வண்டி போனால் அந்தக் கோடு லேசாக ஆடும், அது ஆடினால் என் கையிலும் வயிற்றிலும் வெளிச்சம் ஆடும். புல் நனைகிற வாசம். அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் நான் கடலுக்கு அடியில் மணலில் படுத்திருக்கிறேன், குளிரவில்லை, மூச்சும் முட்டவில்லை, தலைக்கு மேலே உன் கப்பலின் அடிப்பாகம் வெள்ளையாக, மெதுவாகப் போகிறது. நீ மேலேயிருந்து ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பி ஆழம் பார்ப்பாய் என்று சொல்லியிருக்கிறாயே, அது என்னிடம் வருகிறது, மணி மாதிரி ஒற்றைச் சத்தம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல நினைக்கிறேன், அதற்குள் கப்பல் கடந்துபோய்விட்டது, அதுவும் வருத்தமாக இல்லை, திரும்ப வரும் என்று படுத்தே இருக்கிறேன். விழித்தபோது தொட்டி காலி, முதுகெல்லாம் ஈரம், தபால்காரர் வீட்டுப் பூனை என் வயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் சார் வரலையா என்று இரண்டு தடவை கேட்டார், அப்புறம் நான் கொண்டுபோன பழைய திருகைக் கையில் வாங்கிப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற எல்போ என்கிற முழங்கை வளைவு ஒன்று, கட்டைவிரல் பருமனில் குழாய், கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் முழுசாகத் திறக்கிற, உள்ளே பந்து வைத்த பால் வால்வு ஒன்று, வெள்ளை டேப், ரப்பர் வைத்த கிளாம்ப் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். "பிளாஸ்டிக் மறைம்மா, பலம் காட்டாதீங்க, கையால இறுக்குனாலே போதும், தொட்டி விரிஞ்சா அப்புறம் தொட்டியத்தான் மாத்தணும்" என்றார், நல்ல மனிதர். அதன்படியே டேப் சுற்றி, எல்போவைப் பூப்போல இறுக்கி, அங்கிருந்து குழாயைப் படுக்கைவாட்டில் கொண்டுபோய், வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு மேலே ஏற்றி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, விளிம்பில் வால்வை நிறுத்தினேன். கல் எதுவும் படாது, பார்க்கவும் லட்சணமாக இருந்தது. தொட்டியை நிரப்பிவிட்டு வெளியே வந்து வால்வைத் திருப்பினால் ஒரே பாய்ச்சல், முன்பு ஒரு மத்தியானம் எடுத்தது, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார், இவ்வளவு நேரம் என்ன சுத்தம் என்று. நான் காட்டினேன். முட்டையின் சுவரில் விரல்கணுவால் தட்டினார், இடது காதை அதன்மேல் ஒட்டிவைத்தார், வண்டியை உள்ளங்கையால் லேசாக ஆட்டிவிட்டு மறுபடியும் கேட்டார். "காலி இல்ல. உள்ள இன்னும் ஆடுது" என்றார். குனிந்து பார்த்தால் நிஜம்தான், நாலு விரல் தண்ணீர் அப்படியே நிற்கிறது. சட்டத்துக்கு மேலே ஏற்றினேனே, அந்த மேட்டைத் தாண்டி அடித்தண்ணீர் எப்படி வரும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் பழைய திருகையே மாட்டிடறேன் என்றேன். எதுக்கு என்றார். உள்ளே போய்ச் சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். "சட்டத்துல ஓட்டை போடாத, அதுதான் வண்டிக்கு முதுகெலும்பு. கீழ எடுத்துட்டு வா, வழி முழுக்கக் கொஞ்சம் இறக்கம் குடு, முன்னாடி ஒரு தகடு மடிச்சுத் தரேன், கல்லு வந்தா அது வாங்கிக்கும்."

அப்படியாக நான் அடியில், அவர் ஸ்டூலில். அவர் குனியக்கூடாது, எனக்கு வேலை தெரியாது, ஆனாலும் நடந்தது. குழாயைத் தட்டச் சொல்வார், நான் தட்டுவேன், அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டு, தளர்வா இருக்கு, இன்னும் கால் சுற்று என்பார். நான் கீழிருந்து பேசுவது அவருக்குக் கேட்காததால் பதிலுக்கு ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு கட்டத்தில் அவர், நான் ரொம்பக் கோவக்காரனா என்று கேட்டார், நான் ஒரு தட்டுத் தட்டினேன், அவர் சிரிப்பது எனக்கு மேலே வண்டியின் அடித்தகட்டில் அதிர்ந்தது. வால்வு முடிந்ததும் அதைத் திறக்கவும் குனியத்தான் வேண்டியிருக்கிறது என்று நான் முகம் சுளித்தேன். அவர் கொஞ்ச நேரம் வால்வையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லிப்ட் பிரேக்கை விடுவிக்க ஒரு இழுப்புக் கம்பி இருக்கும் என்று சொல்லி, மறுநாள் ஒரு இரும்புக் கம்பியை வளைத்து, வால்வின் கைப்பிடியோடு கோத்து, இடுப்பளவு உயரத்தில் சிவப்பு ரப்பர் உறை போட்ட பிடி வைத்தார். மேலே இழுத்தால் திறக்கும், கீழே அழுத்தினால் மூடும். இழுத்தார். கடைசிச் சொட்டுவரை வந்தது. மூடினார், நிரப்பினார், மறுபடியும் இழுத்தார். விற்கப்போகிற வண்டிக்கு இவ்வளவு எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சொன்ன நாளில் தேனீக்காரர் வந்தார். ஒல்லியாக, மெதுவாக நடக்கிற, மெதுவாகப் பேசுகிற மனிதர், தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து குரலும் அப்படி ஆகிவிட்டது என்றார். பூ எங்கே பூக்கிறதோ அங்கே தேனீப் பெட்டிகளை ஏற்றிப்போவாராம், கூடாரத்தில் படுத்து முதுகு போய்விட்டது, அதனால்தான் கேரவன். வாசலில் நின்று அவர் கேட்பது எதுவும் அப்பாவுக்குக் கேட்கவில்லை, என்ன என்ன என்றே கேட்டுக்கொண்டிருந்தார், நான் நடுவில் நின்று சொல்ல வேண்டியிருந்தது, அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. சிவப்புப் பிடியை மட்டும் தானே இழுத்துக் காட்டினார். தண்ணீர் கொட்டியது, தேனீக்காரர் கை நீட்டி முகம் கழுவிக்கொண்டு, இதுக்காகவே வாங்கலாம் என்றார். உள்ளே உட்கார்ந்து டீ குடித்தோம். அங்கே அவர்கள் இரண்டு பேரும் ராணித் தேனீ, லிப்ட் கயிறு என்று பேசிக்கொண்டே போனார்கள், அப்பா ஒரு தடவைகூட என்ன என்று கேட்கவில்லை. பிறகு தேனீக்காரர் சக்கரங்களைப் பார்க்க வெளியே போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் என் வழக்கமான குரலில், மேசையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இதைக் குடுக்க மனசே இல்லைங்க" என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்றார். "சொன்னேன். வீட்டுக்குள்ள சொன்னேன், சமைக்கும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். உங்களுக்குக் கேக்கல. இங்கதான் நான் சொல்றது உங்களுக்குக் கேக்குது" என்றேன். அவர் சுற்றிப் பார்த்தார், அந்தத் துணிச் சுவரை, கூரையை, எங்கள் முழங்கால்களை. அப்புறம், "நான் நெனச்சேன், நீதான் என்கூடப் பேசறதைக் கொறச்சுட்டேன்னு" என்றார். நான் டம்ளரை எடுத்துக் கழுவினேன் பொடிசு, ஏற்கெனவே கழுவிய டம்ளர்.

அவர் வெளியே போய்த் தேனீக்காரரிடம், வாக்குக் கொடுத்தேன், அதை மீறுகிறேன், தப்பு என் பேரில்தான், வண்டியைக் கொடுக்க முடியாது என்றார். அந்த மனிதர் ஏமாற்றத்தை மறைக்கவில்லை, தூரத்திலிருந்து வந்திருக்கிறாரே. சற்று நேரம் சிவப்புப் பிடியையே பார்த்தார். பிறகு, வேற எங்கயாவது ஒரு வண்டி அமைஞ்சா இதே மாதிரி ஒண்ணு அதுல வெச்சுத் தருவீங்களா என்று கேட்டார். இரண்டு பேரும் வந்து வைத்துத் தருகிறோம் என்று அப்பா சொன்னார், இரண்டு பேரும் என்று சொன்னதை நான் கவனித்தேன். போன மாதம் தேனீக்காரருக்கு வேறொரு கேரவன் அமைந்தது, இதைவிடப் பெரியது. பூக்காலம், மலைச்சரிவில் பெட்டிகளோடு இருக்கிறேன், முட்டையை இழுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். நான்தான் ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம், வலது பக்கம் என்று எனக்கு வழி சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்கிற ஒரே மனிதர் உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

இந்தக் கடிதத்தை அந்தச் சரிவிலிருந்துதான் எழுதுகிறேன். சரிவு முழுக்க ஊதாவும் வெள்ளையுமாகப் பூ, அதன் பெயர் எனக்குத் தெரியாது. காலையில் மூடுபனி இறங்கினால் முட்டையைத் தவிர ஒன்றும் இருக்காது, அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகக் கண்ணுக்கு வரும், பிறகு பூ, பிறகு மலை. தேனீக்காரரின் வண்டியில் வடிகால் வைத்து முடித்தாயிற்று, அதில் சட்டம் உயரத்தில் இருந்ததால் வேலை சுலபம், நான் அடியில், அப்பா ஸ்டூலில், அதே தட்டுதான். இன்று கிளம்ப வேண்டும் என்று காலையிலேயே அப்பா தொட்டியைத் திறக்கப் போனார், நான் உள்ளே போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, அதற்குள் சுவரில் உள்ளங்கையால் அடிக்கிற சத்தமும் கேட்டது, "சுத்துது, கொஞ்சம் வா" என்றார். ஓடினேன். ஒரு கை சிவப்புப் பிடியில், ஒரு கை சுவரில், நிறம் மாறி நின்றுகொண்டிருந்தார். மெல்லப் பிடித்துப் படியில் உட்காரவைத்து, என் தோளில் தலையைச் சாய்க்கச் சொன்னேன். தூரத்தில் ஒன்றையே பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தாள், அவர் கடைசித் தேனீப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வால்வை மூட மறந்துவிட்டோம். தொட்டித் தண்ணீர் முழுவதும் எங்கள் காலடியிலிருந்து புறப்பட்டு, பூக்களுக்கு நடுவே தானே ஒரு வழி கண்டுபிடித்துச் சரிவில் இறங்கிப் போயிற்று. நனைந்த மண்ணில் தேனீக்கள் வந்து உட்கார்ந்து குடித்தன. மலை நின்றுவிட்டதா என்று கேட்டேன், இன்னும் கொஞ்சம் ஆடுது, இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு என்றார். இன்று கிளம்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இப்போது படுத்துத் தூங்குகிறார், இது நிஜத் தூக்கம், குறட்டையை வைத்துச் சொல்கிறேன்.

பயந்துகொண்டு லீவு கேட்டு ஓடிவராதே, உன் வேலையை முடித்துக்கொண்டு வழக்கம்போல வா. நீ வரும்போது முட்டையில் உனக்கு இடம் இருக்கிறது, மேசையை மடக்கினால் ஒரு ஆள் படுக்கலாம், உன் உயரத்துக்குக் காலை மட்டும் கொஞ்சம் மடக்க வேண்டியிருக்கும். வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கப்பல் சமையல்காரர் எவ்வளவு உப்புப் போடுகிறார் என்று ஒரு கண் வை, இது நம் வீட்டு உடம்பு. ஈரத் தலையோடு மேல்தளத்தில் நிற்காதே. உன்னோடு அறையில் இருக்கிற அந்தப் பெண்ணை நான் விசாரித்ததாகச் சொல். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் நீ எந்தத் தண்ணீரில் இருந்தாலும் உன்கூட இருக்கும், நன்றாக இரு, நூறு வயது இரு.

மறக்காமல் ஒன்று. அடுத்த தடவை நீ தொலைபேசியில் கூப்பிடும்போது நான் அதை அப்பாவின் இடது காதில் வைப்பேன். கத்தாதே, கத்தினால் இரைச்சலாகிவிடும். சாதாரணமாக, என்னோடு பேசுகிற மாதிரியே மெதுவாகப் பேசு. அவர் ம் என்று மட்டும் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா